தெல்மாஸ் வைக்காத நான்கு நட்சத்திரங்கள்

சொலாஞ் பெர்த்தியேவுக்கு சினிமாவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: ஒன்றும் தெரியாது, அதனால்தான் அந்த வேலை அவரிடம் இருக்கிறது.

வேலை இதுதான். எங்கள் வாரப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் ஓர் அட்டவணை வரும். இடது ஓரத்தில் அந்த வாரம் வெளியாகும் படங்களின் பெயர்கள். மேலே பாரிஸின் பத்து விமர்சகர்களின் பெயர்கள். கட்டங்களுக்குள் நட்சத்திரங்கள். நான்கு என்றால் மகத்தான படைப்பு. ஒன்று என்றால் மழை பெய்தால் ஒதுங்கலாம். கரும்புள்ளி என்றால் மழையிலேயே நில்லுங்கள். சின்னக் கோடு ஒன்றும் உண்டு. விமர்சகர் படத்தைப் பார்க்கவில்லை என்று அதற்குப் பொருள். அந்தக் கோடு அச்சில் வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் விமர்சகர்கள் எல்லாப் படத்தையும் பார்த்துவிடுகிறவர்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சொலாஞ் தொலைபேசியை எடுத்தால் பன்னிரண்டுக்குத்தான் வைப்பார். பத்து பேரிடமும் வரிசையாகக் கேட்டு, பென்சிலால் குறித்து, பிறகு மையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அச்சகத்துக்கு அனுப்புவார். அவர் உட்கார்ந்து பேசி யாரும் பார்த்ததில்லை. கம்பி எட்டும் தூரம் வரை நடப்பார், ஜன்னலைத் தொட்டுவிட்டுத் திரும்புவார், சிகரெட்டைப் பற்றவைத்து இரண்டே இழுப்பில் நசுக்கிவிட்டு அடுத்ததைத் தேடுவார். தூர் என்ற ஊரின் செருப்புக்கடைக்காரர் ஒருவரின் மகள். இருபத்தெட்டு வயதில் தட்டச்சுக்காரியாக எங்களிடம் வந்தார். கணவர் எதியென் ரயிலில் டிக்கெட் பரிசோதகர், வாரத்தில் நான்கு நாள் ஏதாவது ஓர் ஊரில் தூங்குவார். பிள்ளைகள் இல்லை. அட்டவணை இருந்தது.

இருபத்து மூன்று வருடத்தில் ஒரு நட்சத்திரம் இடம் மாறியதில்லை. ஒருமுறை ஒரு தயாரிப்பாளர், இரண்டை மூன்றாக்கச் சொல்லி ஒரு பெட்டி ஒயின் அனுப்பினார். சொலாஞ் அதைத் திருப்பி அனுப்பினார், கூடவே, "நல்ல ஒயின் என்று சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை" என்று ஒரு சீட்டும் வைத்தார். மூத்த விமர்சகர் ஒருவர் இரண்டேகால் நட்சத்திரம் கேட்டு அடம்பிடித்தபோது, "கால் நட்சத்திரம் அச்சகத்துல இல்லீங்க முசியே, முழுசா குடுங்க இல்ல விட்டுடுங்க" என்றார். அந்தப் பத்துப் பேரும் ஒருவரையொருவர் நம்பியதில்லை. சொலாஞ்சை நம்பினார்கள்.

அந்தப் பத்துப் பேரில் கஞ்சக் கை அம்ப்ருவாஸ் தெல்மாஸுடையது. பத்தொன்பது வருடத்தில் இரண்டே முறை நான்கு நட்சத்திரம் வைத்திருக்கிறார். இரண்டு தடவையும் இயக்குநர் உயிரோடு இல்லை. இரண்டாவது ஆள் போய்ச்சேரும் வரை காத்திருந்தார் என்று பேச்சு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையின் இடது ஓரத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பார். கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை நிரூபிக்க முடியாது.

தொண்ணூற்று நாலாம் வருட அக்டோபரில் *வாசலில் ஓர் அலமாரி* என்ற படம் வந்தது. எண்பத்தெட்டு நிமிடம். வீட்டுச் சாமான் தூக்குகிறவன் ஒருவன், லிஃப்ட் கெட்டுப்போன கட்டடத்தில் ஆறு மாடி ஏறி, ஒரு பெண் பல் மருத்துவரின் வீட்டு வாசலில் அலமாரியை இறக்குகிறான். அது அவளுடைய அலமாரி இல்லை. திரும்ப இறங்குகிறான். மறுநாள் வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அதுவும் அவளுடையது இல்லை. கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள் என்று சொன்னால் ரகசியத்தை உடைத்தவன் ஆகமாட்டேன், சுவரொட்டியிலேயே சேர்ந்துதான் நிற்கிறார்கள்.

பத்திரிகையாளர்களுக்கான காட்சி வியாழன் காலை, நிலவறை மாதிரியான ஒரு சின்ன அரங்கில். படத்தின் புகைப்படங்கள் இருந்த உறையை வாங்கிவரப் போன சொலாஞ், வெளியே மழை வலுத்ததால் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். படத்தின் நடுவில் ஒரு காட்சி. அலமாரியை முதுகில் கட்டிக்கொண்டு மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நிற்கிறான் கதாநாயகன். ஒரு கதவு திறக்கிறது. நீலப் பைஜாமா போட்ட கிழவர் அவனைப் பார்க்கிறார், உள்ளே போகிறார், ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடுகிறார். இவன் மரியாதைக்காரன், வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அலமாரியோடேயே உட்காருகிறான்.

சொலாஞ் சிரித்தார். சாதாரணமாக இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. நாற்பது தலைகள் திரும்பின, கோயில் பிரசங்கத்தில் மிட்டாய்க் காகிதம் பிரித்தவளைப் பார்ப்பது போல. நானும் அங்கே இருந்தேன். எனக்கும் வாய்க்கோடியில் ஏதோ ஆயிற்று. இருமலாக மாற்றிக்கொண்டேன்.

வெளியே வரும் வாசலில் படத்தின் விளம்பரப் பொறுப்பாளர் நின்று எல்லோருக்கும் கை கொடுப்பார். அங்கே யாரும் அபிப்பிராயம் சொல்லக் கூடாது, அது எங்கள் வழக்கம். "நன்றி" என்றால் பிடிக்கவில்லை. "பேசுவோம்" என்றால் பேசமாட்டார்கள். இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினால் துக்க விசாரிப்பு. அன்று எல்லோரும் இரண்டு கையால் குலுக்கினார்கள். தெல்மாஸ் கடைசியாக வந்தார், கன்னத்தில் நாற்காலித் துணியின் கோடுகளோடு.

திங்கட்கிழமை வந்தது. சொலாஞ் முதலில் கூப்பிட்ட விமர்சகர் அன்று காலைதான் பல் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார், படத்தின் கதாநாயகியோ பல் மருத்துவர். "கரும்புள்ளி" என்றார், கன்னத்தில் பஞ்சோடு. இரண்டாமவர், "மத்தவங்க என்ன வச்சிருக்காங்க?" என்று கேட்டார், சொலாஞ் சொன்னார், அவரும் கரும்புள்ளி. மூன்றாமவர் இரண்டைக் கேட்டு மூன்றாவதை வைத்தார். பதினொன்றரை மணிக்கு ஒன்பது கரும்புள்ளிகள் வரிசையாக நின்றன, எறும்பு ஊர்ந்த மாதிரி. ஒரு பல்லில் இருந்து புறப்பட்ட எறும்புகள்.

பத்தாவதாக தெல்மாஸ்.

"இந்த வாரம் என்ன குப்பை?"

சொலாஞ் வரிசையாகப் படித்தார். தெல்மாஸ் ஒன்று, ஒன்று, புள்ளி, இரண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"அடுத்தது, வாசலில் ஓர் அலமாரி."

"அது எது?"

"வியாழக்கிழமை பார்த்தீங்களே முசியே. பல் டாக்டர், அலமாரி."

"ஓ, அதுவா. மத்தவங்க?"

"ஒன்பது கரும்புள்ளி."

"ஒன்பதா. அப்ப பத்தாவதுக்கு நான் எதுக்கு? நீங்களே ஏதாவது போட்டுடுங்க சொலாஞ், என் கை உங்களுக்குத் தெரியாதா. கீழ டாக்ஸி நிக்குது."

இது புதிதில்லை. வருடத்துக்கு ஏழெட்டு முறை தெல்மாஸ் இப்படிச் சொல்வார், சொலாஞ் அவர் வைத்திருக்கக்கூடியதை வைப்பார், தெல்மாஸ் மறு வாரம் அதைப் பார்த்து, "சரியா கணிச்சிருக்கேன்" என்பார். அன்று சொலாஞ் பென்சிலை எடுத்து, தெல்மாஸ் பெயருக்குக் கீழே நான்கு நட்சத்திரங்கள் வரைந்தார். ஜன்னல் வரை போனார். திரும்பி வந்து பார்த்தார். நான்கும் அங்கேயே இருந்தன. மைப்பேனாவை எடுத்தார்.

மாலை நான்கு மணி வரை அச்சகத்துக்குப் பேசித் திருத்தலாம். மூன்றரைக்கு அவர் பேசினார். அட்டவணையின் தலைப்பு எழுத்து போன வாரம் மங்கலாக இருந்ததே, இந்த வாரம் சரிபார்ப்பீர்களா என்று கேட்டுவிட்டு வைத்தார்.

செவ்வாய் சாயங்காலம் எதியென் வீட்டில் இருந்தார்.

"சூப் ஆறுது, எதுக்கு இப்படி நடந்துகிட்டே இருக்க?"

"நேத்து ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"ரயிலை விட்டுட்டியா?"

எதியெனுக்கு உலகத்தில் வேறு வகைத் தப்பு தெரியாது. இல்லை என்றார் சொலாஞ். அப்படியானால் சாப்பிடு என்றார் அவர்.

புதன்கிழமை பத்திரிகை வந்தது. அன்றே தெல்மாஸின் சொந்த நாளிதழிலும் அந்தப் படத்தைப் பற்றி ஐந்து வரி வந்திருந்தது. தெல்மாஸ் எழுத மறுத்ததால், ரக்பி ஆட்டங்களைப் பற்றி எழுதுகிறவரிடம் கொடுத்திருந்தார்கள். "லிஃப்டைப் பழுது பார்த்திருந்தால் இந்தப் படமே இருந்திருக்காது" என்று முடித்திருந்தார் அவர். அந்த வாரம் வந்ததிலேயே நேர்மையான விமர்சனம் அதுதான்.

பதினோரு மணிக்கு தெல்மாஸ் கூப்பிட்டார்.

"சொலாஞ், என் பேருக்குக் கீழ நாலு இருக்கே."

"இருக்கு."

"அச்சகத்துத் தப்பா?"

"இல்லீங்க. நான் போட்டது."

"ஏன்?"

"ஏதாவது போடச் சொன்னீங்க."

"ஏதாவதுன்னா, ஏதாவதா?"

சொலாஞ் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றார். "இன்னிக்கே திருத்தம் எழுதிடறேன் முசியே. அடுத்த வாரம் வந்துடும்."

"இருங்க, இருங்க, என்ன அவசரம்? காலையிலேருந்து ஆறு பேர் போன் பண்ணிட்டாங்க. ஒருத்தர் 'துணிச்சல்'னு சொன்னார். இன்னொருத்தர் அழுதார்னு நினைக்கிறேன், ஜலதோஷமாவும் இருக்கலாம். எங்க ஆசிரியர் வெள்ளிக்கிழமைக்கு முழுப்பக்கம் கேக்கறார்."

"நீங்க படமே பார்க்கலையே."

"பார்த்தேன். கண்ணைத் திறந்து பார்க்கலை, அவ்வளவுதான். ஏதோ நாற்காலி சீன்னு சொல்றாங்களே, அது என்ன?"

சொலாஞ் சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுமுனையில் பேனா ஓடும் சத்தம்.

"அந்தக் கிழவர் பைஜாமா என்ன நிறம்?"

"நீலம்."

"நீலம். நல்லது. ரொம்ப நல்லது."

வெள்ளிக்கிழமை "சுமையின் அறம்" என்ற தலைப்பில் முழுப்பக்கம் வந்தது. அலமாரி என்பது ஐரோப்பா. அதைத் தூக்குகிறவன் நாம். நாற்காலி என்பது அரசு: சுமையை இறக்கச் சொல்லாது, சுமையோடு உட்காரச் சொல்லும். நீலப் பைஜாமாவுக்கு மட்டும் ஒரு பத்தி. "இந்தப் படத்தைக் காதல் படம் என்பவர்கள் படத்தைப் பார்க்காதவர்கள்" என்று எழுதியிருந்தார், பார்க்காதவர்.

பிறகு நடந்ததை நான் ரசித்தேன் என்று சொன்னால் கெட்ட பெயர் வரும். வானொலியில் ஒருவர், "இரண்டாவது முறை பார்த்தேன், முதல் முறை நான் தயாராக இல்லை" என்றார். இன்னொருவர் தன்னுடையது "அன்பான கரும்புள்ளி" என்று விளக்கம் கொடுத்தார். பல் பிடுங்கியவர், தான் படத்தை எதிர்க்கவில்லை, படத்தை எதிர்பார்த்தவர்களைத்தான் எதிர்த்தேன் என்றார், அது எனக்கு இன்றுவரை புரியவில்லை. சனிக்கிழமைக்குள் மெத்ரோ நிலையங்களில் புதுச் சுவரொட்டி. காதலர்களைச் சின்னதாக்கி, அலமாரியைப் பெரிதாக்கி, மேலே நான்கு நட்சத்திரங்கள், கீழே தெல்மாஸ் பெயர்.

சொலாஞ் அந்த முழுப்பக்கத்தை மெத்ரோவில் படித்து, இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டார். அவரை உறுத்தியது பொய் நட்சத்திரம் மட்டும் இல்லை. தன் சிரிப்பு இன்னொருவருடைய மேல்கோட்டை மாட்டிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றுகிறது, அதைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூட இல்லை. திருத்தம் போட்டால் தீர்ந்தது. ஆனால் போட்டால் அட்டவணை போய்விடும். தன் இஷ்டத்துக்கு ஒரு நட்சத்திரம் வைத்தவளின் கையில் யார் மறுபடி பென்சிலைக் கொடுப்பார்கள்? ஐம்பத்தொரு வயதில் அவர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்தப் பத்துக் கட்டம்தான்.

எங்கள் ஆசிரியர் கில்பேரிடம் சொல்லிவிடலாம் என்று வெள்ளிக்கிழமை மூன்று முறை அவர் அறைக்குப் போனார். முதல் முறை குண்டூசி கேட்டு வாங்கிவந்தார். இரண்டாவது முறை விடுமுறைப் பட்டியல். மூன்றாவது முறை கில்பேரே, "என்ன மதாம் பெர்த்தியே, குண்டூசி பத்தலையா?" என்றார். ஆமாம் என்று இன்னொரு டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை தெல்மாஸ் மறுபடி கூப்பிட்டார். மறுநாள் காலை பதினோரு மணிக்கு, ஊருக்குக் கிழக்கே ஒரு பேட்டைத் திரையரங்கில் படமும் விவாதமும். எங்களில் தேவாலயத்துக்குப் போகாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் போவார்கள். அங்கேயும் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

"நீங்களும் வாங்க சொலாஞ். என் பக்கத்துல உக்காருங்க."

"நான் எதுக்கு?"

"யாராவது சீனைப் பத்திக் குறிப்பா கேட்டா? நான் முழுசா பார்த்ததில்லையே."

"அதான் நாளைக்குப் பார்ப்பீங்களே."

"இருட்டுல நான் உத்தரவாதம் குடுக்க முடியாது."

போனார். நானும் போனேன், ஞாயிறு காலையில் எனக்கும் போக்கிடம் இல்லை. நூற்று நாற்பது பேர், பாதிப் பேர் மடியில் குறிப்பேடு. தெல்மாஸ் இந்த முறை விழித்திருந்தார், கண்ணாடியைக் கூடக் கழற்றியிருந்தார். மூன்றாவது மாடி வந்தது. கதவு திறந்தது. நீலப் பைஜாமா வந்ததும் அரங்கில் ஒரு மெல்லிய முனகல் எழுந்தது, தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி. நாற்காலி வந்தது. முன்வரிசைப் பெண்மணி ஒருத்தி கணவனின் காதில், "அரசு" என்றாள். அவர் எழுதிக்கொண்டார். அலமாரியோடு அவன் உட்கார்ந்தபோது நூற்று நாற்பது பேரும் வருத்தமாகத் தலையை ஆட்டினார்கள்.

சொலாஞ் சிரிப்பு வருமென்று காத்திருந்தார். வரவில்லை. கையுறையைக் கழற்றினார், மாட்டினார், கைப்பையைத் திறந்து மூடினார். ஐரோப்பாதான் உட்கார்ந்திருந்தது.

விவாதம் தொடங்கியது. எங்கள் ஊர் விவாதங்களில் கேள்வி என்று எழுந்திருப்பவர் கேள்வி கேட்கமாட்டார். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் படிக்கட்டுகளின் வரலாற்றை ஏழு நிமிடம் சொல்லிவிட்டு, "இதற்கு உங்கள் பதில்?" என்றார். தெல்மாஸ் பத்து நிமிடம் பதில் சொன்னார். அதற்குப் பிறகு பச்சை மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் கை தூக்கினாள்.

"நான் பக்கத்துத் தெருவுல ரொட்டிக்கடை வச்சிருக்கேன். எனக்கு ஒண்ணுதான் கேக்கணும். அந்த நாற்காலி வந்தப்ப நீங்க சிரிச்சீங்களா? எனக்குச் சிரிப்பு வந்துது, ஆனா சிரிக்கலாமான்னு தெரியலை, அப்படியே அடக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அரங்கில் சிலர் அவளுக்காக வெட்கப்பட்டார்கள்.

"சிரிப்பு என்பது, மதாம்," என்றார் தெல்மாஸ், மேடைக்கென்றே வைத்திருக்கும் ஒரு பிரெஞ்சில், "ஒத்திவைக்கப்பட்ட ஒரு சுமை. அதை இறக்குவதா வேண்டாமா என்கிற கேள்வியைத்தான் இயக்குநர்..."

"நான் சிரிச்சேன்," என்றார் சொலாஞ்.

எழுந்து நின்றுவிட்டார். கைப்பை கீழே விழுந்தது, அவர் குனிந்து எடுக்கவில்லை.

"அந்த நாலு நட்சத்திரம் இவர் வச்சதில்லை. நான் வச்சது. நான் அந்தப் பத்திரிகைல அட்டவணை எழுதறவ. இவர் தூங்கிட்டார். ஏதாவது போடுன்னு சொன்னார், போட்டேன். அரசெல்லாம் எனக்குத் தெரியாது. முதுகுல அலமாரியோட ஒரு மனுஷன் நாற்காலில உக்காந்தான், எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்துது. வேற காரணம் இல்லை. இருபத்து மூணு வருஷத்துல நான் பண்ணின ஒரே தப்பு இது, அதை வேற ஒருத்தர் பேர்ல பண்ணிட்டேன்."

தெல்மாஸ் முகம் கொஞ்சம் வெளுத்தது. மூன்று நொடிதான். பிறகு அவர் எழுந்து, சொலாஞ்சின் தோளில் கை வைத்தார்.

"நண்பர்களே, இதைத்தான் நான் மாலையில் எழுதலாம் என்றிருந்தேன். மதாம் முந்திக்கொண்டார். விமர்சகன் தன் நட்சத்திரங்களைத் துறக்கவேண்டிய காலம் இது. நான் துறந்தேன். தெரிந்தே, ஒரு சாதாரணப் பெண்ணின் கையில் ஒப்படைத்தேன். 'நீங்களே போடுங்கள்' என்றேன். சொன்னேனா இல்லையா, சொலாஞ்?"

"சொன்னீங்க, ஆனா டாக்ஸி..."

கைதட்டல் அவர் குரலை மூழ்கடித்தது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். நில அளவைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் தட்டினேன், கை தானாகவே தட்டியது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ரொட்டிக்கடைக்காரி சொலாஞ்சின் அருகில் வந்து காதில் கேட்டாள்: "அப்ப, சிரிக்கலாமா?"

"சிரிக்கலாம்."

"இதைப் படத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கே கில்பேர் சொலாஞ்சைக் கூப்பிட்டனுப்பினார். ஒன்பது விமர்சகர்களும் ஞாயிறு மாலையே அவரிடம் பேசியிருந்தார்கள். பொய் நட்சத்திரம் அச்சானதில் அவர்களுக்குப் பெரிய வருத்தம் இல்லை. வைத்தது யார் என்பதில்தான். தெல்மாஸ் தூங்கியது தெல்மாஸின் உரிமை, ஆனால் தட்டச்சுக்காரி விழித்திருந்தது மன்னிக்க முடியாதது. இப்படி யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அமைப்பின் மீதான நம்பிக்கை" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

கில்பேர் நல்ல மனிதர். சொலாஞ் கையில் தட்டச்சு செய்த ஒரு சீட்டு இருந்தது. அதை வாங்கிப் படித்தார்.

"'சென்ற வார அட்டவணையில் வாசலில் ஓர் அலமாரி படத்துக்கு முசியே தெல்மாஸ் பெயரில் வெளியான நான்கு நட்சத்திரங்கள், அட்டவணை தயாரிக்கும் சொலாஞ் பெர்த்தியேவுடையவை. அவர் படத்தைப் பார்த்தார். சிரித்தார்.'" கில்பேர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டார். "மதாம் பெர்த்தியே, இதுக்கு அவசியமே இல்லை. தெல்மாஸ் இதைத் தன்னோட கொள்கைன்னு சொல்லிட்டார். எல்லாருக்கும் சந்தோஷம். அவங்க ஒன்பது பேருக்கும் நான் ஒரு வழி சொல்லிட்டேன். 'தொழில்நுட்பக் காரணங்களால் பிழை'ன்னு ஒரு வரி. முடிஞ்சுது. அட்டவணை உங்ககிட்டயே இருக்கும்."

"எந்தத் தொழில்நுட்பம்?"

"அதை யார் கேக்கப்போறாங்க?"

"நான் கேக்கறேன்."

கில்பேர் பெருமூச்சு விட்டார். "சரி, உங்க சீட்டையே போட்டா, அவங்க நாளையிலேருந்து உங்க போனை எடுக்கமாட்டாங்களாம். ஒன்பது பேரும். அதுக்கப்புறம் நான் உங்களை எங்க வைக்கறது?"

சொலாஞ் கதவு வரை போய்த் திரும்பி வந்தார். கில்பேர் பேனாவை எடுத்து, இன்னும் ஒரு முயற்சி செய்தார்.

"சரி, ஒண்ணு பண்ணலாம். உங்க பேர் இருக்கட்டும். பார்த்ததும் இருக்கட்டும். இந்தக் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துடறேன். 'சிரித்தார்'. அது இல்லைன்னா, ஏதோ கைமாறி நடந்த தப்பு மாதிரி ஆயிடும், நான் அவங்களைச் சமாதானம் பண்ணிடுவேன். அது இருந்தா கேலி பண்ற மாதிரி இருக்கு. வாசகருக்கு நீங்க சிரிச்சது எதுக்கு?"

"அது ஒண்ணுதான் அதுல நிஜம்."

"ஒரு சொல்லுக்காக இருபத்து மூணு வருஷத்தையா?"

சொலாஞ் மேசை மேல் இருந்த சிகரெட் பெட்டியை எடுத்தார், அது கில்பேருடையது என்று பார்த்துத் திரும்ப வைத்தார். வெளியே அவர் மேசையில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. யார் எடுக்கப் போகிறார்கள் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் எடுக்கவில்லை, நின்றுவிட்டது.

"நீங்க அந்தச் சொல்லைத் தொடாதீங்க முசியே," என்றார் சொலாஞ். "அட்டவணையை எடுத்துக்குங்க."

கில்பேர் சீட்டில் கையெழுத்துப் போட்டார். சொலாஞ்சைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பக்கத்துக்கு மாற்றினார். அந்தப் பக்கத்தில் யாரிடமும் எதையும் கேட்கவேண்டியதில்லை, செய்திகள் எட்டு மணிக்கு என்று எழுதினால் போதும்.

புதன்கிழமை காலை அலுவலகத்துக்கு வரும் வழியில், மெத்ரோ வாசலில் உள்ள பத்திரிகைக் கடையில் நின்று, இதழை எடுத்துத் தொண்ணூற்று நாலாம் பக்கத்தைப் பிரித்தார். மெத்தை விளம்பரத்துக்குக் கீழே, நகம் அளவு எழுத்தில் திருத்தம் இருந்தது. கடைசிச் சொல்லும் இருந்தது. விரலை வைத்துப் பார்த்தார்.

"மதாம், படிக்கறதுன்னா வாங்கிப் படிங்க," என்றார் கடைக்காரர்.

காசு கொடுத்தார். தன் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கியது அதுதான் முதல் முறை. பிறகு கை சும்மா இருக்காமல் நடுப்பக்கத்துக்குப் போயிற்று. புதிதாக யாரோ எழுதியிருந்தார்கள், கணினியில். நட்சத்திரங்கள் அழகாக, ஒரே அளவில் இருந்தன. மூன்றாவது படத்தில் இருந்து கீழே எல்லாம் பக்கத்து விமர்சகரின் கட்டத்துக்கு நகர்ந்திருந்தது. அந்தக் கணக்கில், தெல்மாஸ் தன் வாழ்நாளின் நான்காவது நான்கு நட்சத்திரங்களை விலாங்கு மீன்களின் இனப்பெருக்கம் பற்றிய ஓர் ஆவணப் படத்துக்கு வைத்திருந்தார்.

எதிரே தொலைபேசிக் கூண்டு காலியாக இருந்தது. தெல்மாஸிடம் சொல்லிவிடலாம் என்று சொலாஞ் பையில் சில்லறை தேடினார். ஒரு நாணயம் கிடைத்தது. கூண்டின் கதவைப் பாதி திறந்தார். தெல்மாஸ் இந்நேரம் எழுந்திருப்பார், ஆறு பேர் அவரைக் கூப்பிட்டிருப்பார்கள், நாளிதழில் வெள்ளிக்கிழமைப் பக்கத்தை ஒதுக்கிக்கொண்டிருப்பார்கள். கதவைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

பின்னால் ஒருவர், "பேசப் போறீங்களா இல்லையா, மதாம்?" என்றார்.

"நீங்க பேசுங்க," என்று வழி விட்டுவிட்டு, நாணயத்தைக் கையிலேயே உருட்டிக்கொண்டு, அலுவலகம் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்தார்.